நடு நாற்காலியை அவர்களுக்குக் கொடுங்கள்

பதினேழு பதினெட்டு வயதில் ஒருவர் வந்து உங்கள் ஸ்பீக்கரைப் பார்த்து, "இதுல கேட்டா என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே நடுவில் இருக்கும் நாற்காலியில் உட்காரவையுங்கள். அவருக்கு மனப்பாடமான பாட்டு ஒன்று அவருடைய போனில் இருக்கும். அதையே போடச் சொல்லுங்கள். நீங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கும் ஆல்பம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். பழக்கமில்லாத பாட்டில் எது ஸ்பீக்கரின் வேலை, எது பாட்டின் இயல்பு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இயர்போனில் நூறு தடவை கேட்ட பாட்டிலேயே இதுவரை காதில் விழாத ஒன்று விழுந்தால், அது அவராகக் கண்டுபிடித்தது. நாம் ஒரு மணி நேரம் விளக்கினாலும் அது கிடைக்காது.

அவர் கேட்கப்போவது இதுதான். இயர்போனில் இடப்பக்க ஒலி இடக்காதுக்கு மட்டும், வலப்பக்க ஒலி வலக்காதுக்கு மட்டும் போகிறது. அதனால் பாடகர் மண்டைக்குள் நின்று பாடுகிறார். ஸ்பீக்கரில் அப்படியில்லை. இரண்டு பெட்டியின் ஒலியும் இரண்டு காதுக்கும் வருகிறது, ஒரு காதுக்கு இம்மியளவு முந்தி, மற்றதற்குப் பிந்தி. அந்த இம்மியை வைத்துக்கொண்டு மூளை பாடகரைக் கண்ணெதிரே, இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் நிறுத்திவிடுகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோவின் அடிப்படையும் இதுதான். ஒற்றைப் புளூடூத் பெட்டியிலும் காதுக்குள் செருகும் இயர்போனிலும் மட்டுமே இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் வாய்த்திருக்காது. கண்ணை மூடி, பாடகர் நிற்கும் இடத்தை விரலால் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் ஸ்பீக்கரைச் சரியாக வைக்காவிட்டால் பாடகர் அங்கே வந்து நிற்க மாட்டார். அதனால் வருகிறவர் கையில் முதலில் கொடுக்க வேண்டிய கருவி அளவு நாடா. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 2 மீட்டர் என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் உட்காருபவரின் தலைக்கும் 2 மீட்டர். சமபக்க முக்கோணம். இரண்டு பக்க தூரத்திலும் ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபாடு வேண்டாம். ட்வீட்டர், அதாவது மேல் சுருதிகளைத் தரும் சின்ன ஒலிப்பான், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் பற்றாத ஸ்பீக்கருக்கு அடியில் மரக்கட்டையோ கெட்டி அட்டைப் புத்தகமோ வைத்தால் போதும். பிறகு இரண்டையும் நாற்காலி நோக்கிச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். குரல் அகன்று பரவிக் கிடந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள். மேல் சுருதிகள் காதைக் குத்தினால் வெளியே திருப்புங்கள். இதை அவரே செய்யட்டும், நாம் உட்கார்ந்து கேட்டுச் சொல்லலாம். பத்து டிகிரித் திருப்பத்தில் ஒலி மாறுவதைத் தன் கையாலேயே செய்து பார்த்தவர் இந்தப் பக்கம் மறுபடி வருவார்.

பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை, பாஸும் மெலிந்து கிடக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. கீழ் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரே ஆள் பேசும் பதிவைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சரியான இணைப்பில் குரல் நடுவில் ஊசி முனைபோல் நிற்கும். மாறியிருந்தால் அறை முழுக்க மிதக்கும். ஸ்பீக்கரில் குறியீடு அழிந்திருந்தால் ஆம்ப்பிலிருந்து (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் ஒயரின் முனைகளில் தொட்டுப் பாருங்கள். ஊஃபர் (பாஸைத் தரும் பெரிய கோன்) முன்னே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வந்திருப்பவரின் காது பெரும்பாலும் நம்முடையதைவிட நல்ல காது. மனிதக் காதின் எல்லை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று சொல்கிறோம். மேல் எல்லை வயதோடு இறங்கிக்கொண்டே வரும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 12, 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. பழைய குழாய் டிவி போடும் 15.6 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலி சிறுவர்களைத் தொந்தரவு செய்யும், பெரியவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே ஓர் இளைஞர் "ஏதோ விசில் மாதிரி கேக்குது" என்றால் அவர் கற்பனை செய்வதாக நினைக்காதீர்கள். அடாப்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். நமக்குக் கேட்காத கோளாறைக் கண்டுபிடித்துத் தர வீட்டுக்கே ஒருவர் வந்திருக்கிறார்.

அடுத்து அவர் கேட்பது "நான் என்ன வாங்கணும்?" என்பதாக இருக்கும். நம் ஆட்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே மூச்சில் டிஏசி, பிரீஆம்ப், பவர் கண்டிஷனர், ஸ்டாண்டு, கேபிள் என்று அடுக்கினால், வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், பிறகு வர மாட்டார். தேவை மூன்றே பொருள்: ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் போன். பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கே போக வேண்டும். மொத்தச் சங்கிலியில் ஒலியை அதிகமாக மாற்றுவது அதுவும் அது நிற்கும் அறையும்தான். நல்ல நிலையில் இருக்கும் இரண்டு ஆம்ப்களை, அவற்றின் சக்திக்குள் வைத்துக் கேட்டால், வேறுபாடு கண்டுபிடிக்கவே பாடுபட வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களின் வேறுபாடு பக்கத்து அறையிலிருந்தே தெரியும்.

வாட் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், விளம்பர எண்களிலிருந்து அது அவரைக் காப்பாற்றும். 86 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 8 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக வெறும் ஒரு வாட்டில் ஏறத்தாழ 81 டெசிபல். வீட்டில் கேட்க இதுவே உரத்த ஒலி. டிரம் அடி போன்ற திடீர் உச்சங்களுக்கு இன்னும் 15 டெசிபல் இடம் விட்டால் 32 வாட் வேண்டும். எனவே ஒரு பக்கத்துக்கு 30 முதல் 50 வாட் உள்ள ஆம்ப் ஒரு படுக்கையறைக்குத் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு உரக்கத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: சிறிய ஆம்ப்பை அதன் எல்லையைத் தாண்டி முறுக்கினால் அலையின் முனைகள் வெட்டுப்படும், அந்த வெட்டில் பிறக்கும் மேல் அதிர்வெண் சக்தி ட்வீட்டரைப் பொசுக்கிவிடும். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் கை வால்யூமைக் குறைக்கப் போக வேண்டும்.

கையிருப்பு குறைவாக இருப்பவருக்குப் பழைய ஸ்பீக்கரைவிட நல்ல வழி இல்லை. கூடப் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுப்பது நம்மால் முடிந்த பெரிய உதவி. முன்பக்க மூடியான கிரில்லைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொட வேண்டும். ஃபோம் விளிம்பு பத்து இருபது ஆண்டுகளில் மக்கிப்போகும், தொட்டாலே உதிரும். விளிம்பை மட்டும் மாற்ற முடியும், ஆனால் முதல் ஸ்பீக்கருக்கு அந்த வேலை வேண்டாம். ரப்பர் விளிம்பு பல மடங்கு தாங்கும். பிறகு இரண்டு கைவிரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். சரக் என்று உரசினால், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் இடம் மாறியிருக்கிறது, விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சாதாரணமாக ஐந்தரையிலிருந்து 7 ஓம் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரை காட்டும். இதில் ஒரு பொறி உண்டு. ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டரின் மின்னோட்டம் அதற்குள் போகவே போகாது. மீட்டர் 6 ஓம் காட்டியதை நம்பி, செத்த ட்வீட்டரோடு வீடு திரும்பியவர்கள் நிறைய. பாட்டைச் சன்னமாக ஓடவிட்டு, ஒவ்வொரு ட்வீட்டரிலும் காதை ஒட்டிக் கேட்க வேண்டும். வேறு வழியில்லை.

பழைய ஆம்ப் என்றால், ஸ்பீக்கரை இணைக்கும் முன் இரண்டு பக்க வெளியீட்டிலும் மல்டிமீட்டரால் டிசி (நேர்மின்) வோல்ட் அளவு பார்க்க வேண்டும். பாட்டு ஓடக் கூடாது, வால்யூம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. நூற்றுக்கணக்கில் இருந்தால் அதை இணைக்கவே கூடாது. வால்யூம் திருப்பும்போது கரகரப்பது நோயே அல்ல. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வால்யூம் திருகின் உட்பகுதியில் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருப்பினால் சரியாகிவிடும். ஒரே ஒரு கண்டிப்பு: துண்டித்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். மூடியைத் திறப்பது அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கண்ணாடிக் குழாய்களில் இயங்கும் வால்வு ஆம்ப்புக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். தொடக்கக்காரர் கையில் அதைத் திறந்து கொடுக்கவே கூடாது.

சால்டரிங் அயர்னைப் பிடிக்க ஆசைப்படுபவரிடம் டிபிஏ3116 சிப் உள்ள கிளாஸ் டி ஆம்ப் போர்டு ஒன்றைக் கொடுங்கள். 24 வோல்ட், 4 அல்லது 5 ஆம்பியர் அடாப்டர், பாட்டு உள்ளே வர இரண்டு ஆர்சிஏ சாக்கெட், நான்கு ஸ்பீக்கர் முனை, ஒரு பெட்டி. அரை நாளில் பாட்டு வந்துவிடும். சிப் தாங்குவது 26 வோல்ட் வரைதான் என்பதால் கிடைத்த அடாப்டரையெல்லாம் செருகக் கூடாது. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் போர்டு அந்தக் கணமே போய்விடும், முதலில் மீட்டரால் பார்க்கட்டும். பலர் தடுக்கி விழும் குழி வேறு. இந்தச் சிப்பின் வெளியீடு பிரிட்ஜ் வகை. ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்டு அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு பக்கக் கறுப்பையும் ஒன்றாக முறுக்கினாலோ உலோகப் பெட்டியில் தொடவிட்டாலோ சிப் அணைந்துகொள்ளும் அல்லது போய்விடும். நான்கு முனைக்கும் தனித்தனி ஒயர். முனையில் ஒரு பிசிறு கம்பிகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

போனிலிருந்து ஆம்ப்புக்கு எப்படி? புளூடூத்தே போதும், தொடங்கட்டும். எல்லாக் கருவியும் பேசும் எஸ்பிசி முறை நல்ல அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் அனுப்புகிறது, சிடியின் அளவு 1411. எண்ணைப் பார்த்தால் பெரிய வேறுபாடாகத் தோன்றும். காதுக்கு அந்த அளவு தெரியாது. இதைச் சொல்லி யாரையும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஒயரில் போக விரும்பினால், ஹெட்போன் துளை இல்லாத போனுக்கு யுஎஸ்பி-சி டாங்கிள் ஒன்றும், 3.5 மி.மீ.யிலிருந்து ஆர்சிஏ ஒயர் ஒன்றும் போதும். டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி பெரும்பாலும் டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது. போனின் வால்யூமை உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்பில் செய்ய வேண்டும். தலைகீழாகச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். போனைச் சார்ஜில் போட்டதும் "உய்ங்" என்று கேட்டால் அது கிரவுண்டு சுழல், அதாவது இரண்டு கருவியின் கிரவுண்டும் வளையமாக இணைவதால் வரும் இரைச்சல். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும்.

ரெக்கார்டு வழியாக வருகிறவர்களும் இப்போது நிறைய. அட்டைப்படத்தின் அழகுக்காகத்தான் வாங்கினேன் என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், அதுவும் வருவதற்கு ஒரு வழிதான். அவருக்குத் தெரிய வேண்டியது, ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே என்பது. சாதாரண லைன் உள்ளீடு எதிர்பார்ப்பது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். போதாததற்கு, ரெக்கார்டில் பாஸைக் குறைத்து, மேல் சுருதியைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். அதை நேராக்குவது ஃபோனோ ஸ்டேஜ். அது இல்லாமல் இணைத்தால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சன்னமாக, தகரமாக இருக்கும். பிளேயருக்குள் ஒரு ஃபோனோ ஸ்டேஜ் இருந்து, ஆம்ப்பின் ஃபோனோ துளையிலும் செருகினால் இரண்டு முறை பெருகிக் காது கிழியும். "ம்ம்ம்" என்ற ஹம் வந்தால் பெரும்பாலும் பிளேயரின் மெல்லிய கிரவுண்டு ஒயரை ஆம்ப்பின் திருகில் கட்டவில்லை என்று பொருள். ஊசியின் பாரம் கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொன்ன அளவில், பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து 2 கிராமுக்குள் இருக்க வேண்டும். குறைவாக வைத்தால் ரெக்கார்டு தேயாது என்பது தப்பு. பாரம் பற்றாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவர்களைச் செதுக்கும்.

ஒயர் விஷயத்தில் நமக்குள்ளேயே ஓயாத சண்டை இருக்கிறது. அதை இளையவர் தலையில் ஏற்றாதீர்கள். கணக்கை மட்டும் சொல்லுங்கள்: 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 3 மீட்டர் நீளத்தில், போக வர 6 மீட்டருக்கு, ஏறத்தாழ 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒரு சதவீதம்கூட இல்லை. எதுவுமே சொல்லாமல் சோதிக்கக் கற்றுக்கொடுப்பது இன்னும் நல்லது. எதை ஒப்பிட்டாலும் ஒலியளவு சமமாக இருக்க வேண்டும், அரை டெசிபல் உரக்க இருப்பது எப்போதும் "தெளிவாக" இருப்பதுபோல் ஏமாற்றும். 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் வருமாறு சரிசெய்யட்டும். மலிவான மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும், அதனால்தான் 200. பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டு, பதினாறு முறையில் எத்தனை முறை சரியாகச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்துக் கேட்டபோதும் பாராமல் கேட்டபோதும் தந்த மதிப்பெண்கள் மாறின. அனுபவமுள்ள காதுகளுக்கும் அதே கதிதான். இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்பவர் எத்தனையோ வீண் செலவிலிருந்து தப்பிவிடுவார்.

அறை. இளையவர்களுக்குத் தனி இசை அறை இருக்காது. ஒரு கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான். பரவாயில்லை, மேசையே போதும். ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே 80 செ.மீ. அல்லது ஒரு மீட்டர், தலைக்கும் அதே தூரம். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் அறையின் எதிரொலியைவிட ஸ்பீக்கரின் நேரொலி ஓங்கி நிற்கும், மோசமான அறையிலும் நடுக்குரல் துல்லியமாக வரும். மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி குரலைக் கலங்கடிக்கும். ஸ்பீக்கரை விளிம்புவரை முன்னே நகர்த்தி, முன்பக்கத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் பாதி சரியாகிவிடும். சுவரை ஒட்டி வைக்க நேர்ந்து பாஸ் குமுறினால், பின்புறத் துளையில் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டிச் செருகலாம். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை. அது மேல் சுருதியில் சிறிது மட்டுமே உறிஞ்சும், பாஸை ஒன்றும் செய்யாது. மெத்தை, கனத்த திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை உண்மையாகவே வேலை செய்யும்.

பாஸ் ஏன் ஓரிடத்தில் வீங்கி, இன்னோரிடத்தில் காணாமல் போகிறது என்பதைக் காட்ட அழகான வழி ஒன்று உண்டு. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், 4 மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ் வரும். அந்த ஒலியைப் போனில் உண்டாக்கி, ஓரளவு கீழே இறங்கும் ஸ்பீக்கரில் சன்னமாக ஓடவிட்டு, அவரை நீள வாக்கில் நடக்கச் சொல்லுங்கள். சுவரோரம் உறுமும், அறையின் நட்ட நடுவில் அடங்கிவிடும். நாற்காலியை ஏன் சுவரோடு ஒட்டியோ சரியாக நடுவிலோ போடக் கூடாது என்பது அப்போது தெரிந்துவிடும். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் போதும்.

காதைப் பற்றியும் பேசிவிடுங்கள், மிரட்டாமல். காதுக்குப் பாதுகாப்பான எல்லை 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், பிறகு 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2, 100-இல் கால் மணி நேரம்தான். கேட்டு முடித்த பின் காதில் "கிர்ர்" என்று ஒலித்தால் எல்லை தாண்டியாயிற்று.

ஒரு பெண் பிள்ளை வந்தால் "யாருக்காக வாங்குறே?" என்று கேட்காதீர்கள். அவளுக்காகத்தான்.

மாடியறையிலோ அலமாரி மேலோ சும்மா கிடக்கும் ஸ்பீக்கர் ஜோடி நம்மில் பலரிடம் இருக்கிறது. அதை ஒரு மாதத்துக்கு இரவலாகக் கொடுக்கலாம். பெட்டிக்குள் ஒரு சின்ன ஆம்ப், அதற்குரிய அடாப்டர், இரு முனையும் உறையுரித்து முறுக்கிய 3 மீட்டர் ஒயர் இரண்டு, 3.5 மி.மீ.யிலிருந்து ஆர்சிஏ ஒயர் ஒன்று. எந்த முனை எங்கே என்று வண்ண நாடா சுற்றிவிடுங்கள். அளவு நாடாவையும் உள்ளே போட மறக்காதீர்கள்.